வயர் லைட்டா, கை டார்ச்சா? கொங்கு நாட்டிலிருந்து ஸ்கூபா போகிறவர்களுக்கு

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. இங்கிருந்து ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு, முங்கப் போகிறவர்கள் புதுச்சேரிக்கு ராத்திரி பஸ் ஏறுகிறார்கள். முருதேஸ்வரம் போய் அங்கிருந்து படகில் நேத்ராணித் தீவுக்குப் போகிறார்கள். அந்தமான் என்றால் கோவை பீளமேட்டில் விமானம் ஏறி, சென்னையில் மாறி, போர்ட் பிளேராக இருந்து 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆன ஊரில் இறங்கி, மறுபடியும் கப்பல் பிடித்து ஹேவ்லாக் போக வேண்டும். எந்த லைட் வாங்குவது என்ற கேள்விக்கு இந்தப் பயணத்திலேயே பாதி விடை இருக்கிறது. மீதி விடை, நம் தோட்டத்துக் கிணற்றில் இறக்கியிருக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரின் கேபிளில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பயணம், வாடகை ஜாக்கெட் (சிலிண்டரைத் தாங்கி, காற்றூதி மிதக்கவைக்கும் மேலுடுப்பு), பயணத்துக்கு ஒன்றோ இரண்டோ இரவு முங்கல் என்று இருப்பவர், நல்ல கை டார்ச் ஒன்றும் சின்ன பேக்கப் டார்ச் ஒன்றும் வாங்கினால் போதும். வயர் வைத்த கேனிஸ்டர் லைட் நல்ல சாமான்தான், ஆனால் அது வேறு வேலைக்குச் செய்தது.

கேனிஸ்டர் லைட்டைப் பார்க்காதவர்களுக்கு: பேட்டரி ஓர் உருளை டப்பாவுக்குள் இருக்கும். டப்பா இடுப்பு பெல்ட்டில் வலது பக்கம் தொங்கும். அதிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான கேபிள் கைக்கு வரும். கேபிளின் நுனியில் லைட் தலை. அதைக் குட்மேன் கைப்பிடி என்கிற சட்டத்தில் மாட்டிப் புறங்கையில் வைத்துக்கொண்டால் விரல்கள் வெறுமையாக இருக்கும். ஹால்சியான், லைட் மங்கி, டைவ் ரைட் போன்ற கம்பெனிகள் இந்த வகையில் பேர் எடுத்தவை. கை டார்ச்சில் செல், சர்க்யூட், எல்இடி எல்லாம் ஒரே உடம்புக்குள் இருக்கும். ஆர்க்காடார்ச், பிக்புளூ போன்றவை நம் ஆட்களிடம் அதிகம் புழங்குகின்றன.

இப்போது மோட்டார் கேபிளுக்கு வருவோம். முப்பது மீட்டர் ஆழத்தில் வருஷக்கணக்காகக் கிடக்கும் மோட்டாரில் முதலில் எது போகும் என்று பல்லடத்திலோ காங்கேயத்திலோ எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார்: "ஜாயிண்ட்டுல தண்ணி ஏறிருச்சுங்க." இரும்பு உடம்பு அப்படியே இருக்கும். கேபிள் சேரும் இடத்தில்தான் நீர் புகும். கேனிஸ்டர் லைட்டுக்கும் இதே விதிதான். டப்பாவைத் தண்ணீர் உடைப்பதில்லை. கேபிள் டப்பாவுக்குள் நுழையும் கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கும் நீரடைப்பு) ஒன்று, லைட் தலைக்குள் நுழையும் கிளாண்ட் ஒன்று, டப்பா மூடி ஒன்று, அந்த மூடியில் ஸ்விட்ச் இருந்தால் அது ஒன்று என்று தண்ணீர் நுழையக்கூடிய வாசல்கள் நான்கு. சாதாரணக் கை டார்ச்சில் வாசல் ஒன்றோ இரண்டோதான்.

கிளாண்ட் எப்படிக் கெடுகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கேபிள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், கிளாண்டை விட்டு வெளியே வரும் முதல் இரண்டு சென்டிமீட்டரில் மடிகிறது. மேலுறை ரப்பரில் முடி அளவு வெடிப்பு விழுகிறது. வெளியே பார்த்தால் தெரியாது. கேபிளை வளைத்துப் பிடித்தால்தான் வாய் திறக்கும். அந்த வெடிப்பில் புகுந்த உப்புத்தண்ணீர் அங்கேயே நிற்காது. உள்ளே இருக்கும் செம்புக் கம்பி இழைகளுக்கு நடுவில் திரி எண்ணெயை இழுப்பதுபோல ஊர்ந்து போகும். தலையில் விழுந்த வெடிப்பு வழியாகப் புகுந்த தண்ணீர், கேபிள் நீளமும் கடந்து பேட்டரி டப்பாவுக்குள் சொட்டுவது இப்படித்தான். மோட்டார் கேபிளிலும் மேலே நறுக்கினால் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே களிம்புதான் இங்கேயும். நல்ல கம்பெனிகள் இரண்டு முனையிலும் கம்பி நுழையும் இடத்தை எபாக்சி ஊற்றி அடைத்துவிடுகின்றன. தலை நிறைந்தாலும் டப்பா தப்பிக்கும். வாங்கும்போது இதை நேராகவே கேளுங்கள்: தலைக்கும் டப்பாவுக்கும் நடுவில் அடைப்பு உண்டா? விற்கிறவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் அந்த லைட் வேண்டாம்.

பழைய கேனிஸ்டர் லைட் விலைக்கு வந்தால் வேறு எதையும் பார்க்குமுன் கேபிளைப் பாருங்கள். லைட்டைப் போட்டுவிட்டு, இரண்டு கிளாண்ட் பக்கத்திலும் கேபிளை நாலு திசையும் மெதுவாக வளையுங்கள். வெளிச்சம் ஒரு கணம் துடித்தாலும் உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிளாண்ட் நட்டைக் கையால் திருகிப் பாருங்கள், ஆடக்கூடாது. மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். புளித்த வாடையோ, செல் பாக்கெட்டின் ஒட்டுத்தாளில் வெள்ளைக் கறையோ இருந்தால் ஒரு தடவை தண்ணீர் குடித்த லைட் அது. எல்இடிக்கு முன்பு வந்த, வாயுவுக்குள் மின்பொறி எரியும் ஹெச்ஐடி பல்பு லைட்டாக இருந்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் எடுக்க வேண்டாம். அந்தப் பல்பு அதிர்ச்சி தாங்காது, எரியத் தொடங்கி முழு வெளிச்சத்துக்கு வர நேரம் பிடிக்கும், அணைத்தால் சூடு ஆறும்வரை திரும்பப் பிடிக்காது. எல்இடி வந்தபிறகு அதற்கு மாற்றுப் பல்பு தேடுவதே பெரும்பாடு.

அடுத்தது ஜாக்கெட். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போன பிறகுதான் தெரிகிறது. கேனிஸ்டர் டப்பா, பட்டைவார் கோத்த உலோகத் தகடுச் சேணத்துக்காக வடிவமைத்தது. தகட்டின் இடுப்பு வாரில் டப்பாவைக் கோத்து, ஒரு பக்கிள் போட்டு நகராமல் நிறுத்துவார்கள். நாம் கடற்கரையில் வாடகைக்கு எடுக்கும் ஜாக்கெட்டில் அந்த இடத்தில் எடைப் பாக்கெட் இருக்கும், இடுப்பில் வெல்க்ரோ பட்டை இருக்கும். டப்பாவை மாட்ட இடமே இல்லை. சிலர் சிலிண்டரில் கட்டிக்கொள்கிறார்கள். அப்போது ஸ்விட்ச் கைக்கு எட்டாது, கேபிள் முதுகைச் சுற்றி வர நீளம் போதாது. சொந்தச் சேணம் இல்லாதவர் கேனிஸ்டர் லைட் வாங்குவது, ட்ராக்டர் இல்லாமல் ட்ரெய்லர் வாங்குவது மாதிரி.

சேணம் இருந்தாலும் கேபிள் போகும் வழியைப் பழக வேண்டும். டப்பா வலது இடுப்பில், தலை இடது கையில். ஆகவே கேபிள் உடம்பின் முன்னால் குறுக்கே போகும். நீண்ட ஹோஸ் (காற்றுக் குழாய்) வைத்து முங்குகிறவர்கள், காற்று தீர்ந்த கூட்டாளிக்கு வாயில் இருக்கும் ரெகுலேட்டரையே, அதாவது மூச்சுக்குக் காற்று தரும் கருவியையே, கழற்றிக் கொடுப்பார்கள். அந்த ஹோஸ் எப்போதும் கேபிளுக்கு மேலே கிடக்க வேண்டும். கேபிள் மேலேயும் ஹோஸ் கீழேயும் மாட்டிக்கொண்டால், கொடுக்கும் நேரத்தில் ஹோஸ் நீளாது. லைட்டை அணைத்துத் தொங்கவிடும்போது வலது தோள் டி-வளையத்தில் போல்ட் ஸ்னாப்பால் (ஸ்பிரிங் கொக்கி) மாட்டி, கேபிள் ஹோஸைச் சுற்றவில்லை என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும். வருஷத்துக்கு நாலு நாள் முங்குகிறவருக்கு இந்தப் பழக்கம் கையில் நிற்காது.

இவ்வளவு சொன்னதால் கேனிஸ்டர் லைட்டுக்குப் பெருமையே இல்லை என்று ஆகிவிடாது. அதன் பெருமை கணக்கில் இருக்கிறது. லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு; நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமாராக 100 லூமன் தரும். 21700 என்ற அளவு லித்தியம் செல் ஒன்று 5000 எம்ஏஎச், 3.6 வோல்ட், ஆக அதில் அடங்கும் மின்சாரம் 18 வாட் அவர். ஆயிரம் லூமனுக்கு 10 வாட் என்றால் ஒன்றரை மணி நேரம் சொச்சம் ஓடும். மூவாயிரம் லூமன் என்றால் 30 வாட், அரை மணி நேரம் சொச்சம்தான். கேனிஸ்டர் டப்பாவில் அதைவிடச் சின்ன 18650 செல் பன்னிரண்டை மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு என்று கட்டினால் 10.8 வோல்ட், 13.6 ஆம்பியர் அவர், கிட்டத்தட்ட 147 வாட் அவர். அதே 30 வாட் லைட் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எரியும். தலை மட்டும்தான் கையில் இருப்பதால் கை வலிக்காது. மெக்சிகோவின் நீர்க்குகைகளிலும் ஃப்ளோரிடா ஊற்றுகளிலும் மூன்று மணி நேரம் கூரைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு இந்த நேரம்தான் உயிர். ஒரே நாளில் மூன்று குழுவைக் கூட்டிக்கொண்டு இறங்கும் பயிற்சியாளருக்கும், கப்பல் உடைசலுக்குள் போகப் பயிற்சி பெற்றவருக்கும், விரல்களால் கயிறும் கொக்கியும் கட்ட வேண்டிய மீட்பு வேலைக்காரருக்கும் இது நியாயமான செலவு. பதினெட்டு மீட்டரில் நாற்பத்தைந்து நிமிஷம் இருந்துவிட்டு மேலே வருகிறவருக்கு, ஐந்து மணி நேரத்தில் நாலு மணி நேரம் வெறும் சுமை.

சுமை என்றதும் விமானம் நினைவுக்கு வர வேண்டும். லித்தியம் பேட்டரியில் 100 வாட் அவர் வரை தனி அனுமதி வேண்டாம். 100-க்கு மேல் 160 வரை விமானக் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும், அதிலும் உதிரி பேட்டரி இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். உதிரி பேட்டரி எதுவானாலும் கையில் எடுத்துப்போகும் பையில்தான், முனைகளை மூடித்தான். மேலே சொன்ன 147 வாட் அவர் டப்பா எங்கே விழுகிறது என்று பார்த்தீர்களா? பீளமேட்டில் கேட்பார்கள், சென்னையில் திரும்பக் கேட்பார்கள். டப்பாவின் மேல் வாட் அவர் அச்சாகியிருக்காவிட்டால் வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கிக் காட்டும் வேலை உங்களுடையது. கையில் கொண்டுபோக 7 கிலோ என்றால் அதில் இரண்டு கிலோவை இந்த டப்பாவே தின்றுவிடும். கேனிஸ்டர்தான் வேண்டும் என்று நிற்கிறவர்கள் ஆறு செல் டப்பா வாங்குங்கள். 73 வாட் அவர், யாரும் தடுக்க மாட்டார்கள், 30 வாட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியும். நம் பயணத்துக்குப் பன்னிரண்டு செல் டப்பாவை விட இதுதான் புத்திசாலித்தனமான வாங்கல்.

கை டார்ச் பக்கம் வந்தால் முதல் வலை லூமன். டார்ச் வரும் அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் எல்இடி போட்ட முதல் ஒன்றிரண்டு நிமிஷத்தில் அளந்தது. எரியும் நேரம் என்று போட்டிருப்பது, டார்ச்சுகளுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் அளவுமுறையில், வெளிச்சம் ஆரம்ப அளவில் பத்தில் ஒரு பங்காகச் சரியும்வரை. ஆகவே ஒற்றைச் செல்லில் 3000 லூமன், இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தால் மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரை மணியில் பாதியாக இறங்கி, மீதி நேரம் முனகிக்கொண்டிருக்கும். எழுதியிருக்கும் எண் பொய் இல்லை, ஆனால் நீங்கள் நினைப்பது அதில் இல்லை. வேண்டியது, எவ்வளவு நேரம் எத்தனை லூமனில் நிற்கும் என்ற கோடு. நல்ல கம்பெனிகள் அதை வரைபடமாகவே கொடுக்கின்றன.

லூமனை விடப் பெரிய விஷயம் ஒளிக்கற்றையின் அகலம். அதே ஆயிரம் லூமனை 120 பாகை விரிவில் சிதறவிடுவதற்கும் 8 பாகைக்குள் குவிப்பதற்கும், நடுவில் விழும் வெளிச்சம் சுமார் 200 மடங்கு வித்தியாசப்படும். அகலக் கற்றை வீடியோவுக்கு. கிட்டத்தில் இருக்கும் பவளத்துக்கு அது சீராக விழும். தேடுவதற்கும், கூட்டாளிக்குச் சைகை காட்டுவதற்கும் ஒடுங்கிய கற்றைதான். அதுவும் தண்ணீர் கலங்கியிருக்கும்போது அகலக் கற்றை போட்டால் கண் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது மூடுபனியில் ஹை பீம் போட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு தூசியும் வெளிச்சத்தைத் திருப்பிக் கண்ணுக்கே அனுப்புகிறது. புதுச்சேரியில் ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மோராகவும் இருக்கும். ஒடுங்கிய கற்றையை முகத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் கையை நீட்டி, பக்கவாட்டில் பிடித்தால் கலங்கல் பாதி மறைந்துவிடும். இன்னொன்று: தட்டைக் கண்ணாடி வைத்த டார்ச்சின் கற்றை, தண்ணீருக்குள் போனதும் ஒளிவிலகலால் காற்றில் இருந்ததில் முக்கால் பங்காக ஒடுங்கும். கடைச் சுவரில் அடித்துப் பார்க்கும் வட்டத்தை நம்பி வாங்காதீர்கள்.

இரவு முங்கலுக்கு எவ்வளவு வேண்டும்? எங்கள் கணிப்பில் 6 முதல் 10 பாகை, ஆயிரம் லூமன், அதிலேயே 200, 300-க்கு இறக்கும் வசதி. தெளிந்த அந்தமான் தண்ணீரில் பெரும்பாலும் குறைந்த அளவில்தான் ஓட்டுவீர்கள். தன்னைச் சுற்றிச் சளிப் போர்வை நெய்துகொண்டு பாறை இடுக்கில் தூங்கும் கிளிமீன் மேல் முழு வெளிச்சத்தை அடிப்பது கொடுமை. ஹேவ்லாக் பக்கம் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள் நீலமாக மின்னும் இரவுகளில் லைட்டை நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அணைப்பதை விட மூடுவது பாதுகாப்பு.

செல் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டார்ச் நன்றாக இருந்தும் செல்லால் கெட்ட பெயர் வாங்குவது அதிகம். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். அதில் நிஜமாகக் கொள்ளும் அளவு 3500 எம்ஏஎச்சை ஒட்டித்தான். 9900 என்று அச்சடித்து வரும் செல் ஒவ்வொன்றும் போலி. தராசில் வைத்தால் தெரிந்துவிடும். அசல் 18650 நாற்பத்தைந்து கிராமைச் சுற்றி இருக்கும், 21700 எழுபதைச் சுற்றி. போலிச் செல்லின் உள்ளே சின்ன செல்லை வைத்து மீதியை எதையாவது போட்டு நிரப்பியிருப்பார்கள். சமையலறைத் தராசே போதும். பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த செல் சில மில்லிமீட்டர் நீளம் கூடும். மேல்முனை தட்டையா, பொத்தானா என்பதும் டார்ச்சுக்கு டார்ச் மாறும். நீளம் கூடினால் ஓ-ரிங் (மூடியில் தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையம்) முழுதாக உட்காராமல் மூடி அரை நூல் நிற்கும். குறைந்தால் குதிக்கும்போது தொடுப்பு விட்டு வெளிச்சம் துடிக்கும். இரண்டு மூன்று செல் போடும் டார்ச்சில் ஒரே நாள் வாங்கிய, ஒன்றாகவே சார்ஜ் ஏற்றிய செல்களை மட்டும் போடுங்கள். பழசும் புதுசும் கலந்தால் பழசு முதலில் காலியாகி, புதுசு அதைத் தலைகீழாக ஓட்டும். பயணம் முடிந்தால் செல்லைக் கழற்றி, பாதி சார்ஜில், 3.7 வோல்ட் பக்கம் வைத்து எடுத்துவையுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வேண்டாம்.

ஸ்விட்ச் மூன்று வகை. தலையைத் திருகினால் எரியும் வகை எளிமையானது, விலையும் குறைவு. ஆனால் அணைக்கத் தளர்த்தும்போது ஒரு சுற்று கூடினால் தண்ணீர் உள்ளே. ஆழத்தில் அழுத்தம் தலையை உள்ளே தள்ளி, அணைத்த டார்ச் தானாக எரிவதும் உண்டு. அழுத்தும் பொத்தானில் ரப்பர் தொப்பி வருஷங்களில் வெடிக்கும். காந்தம் வைத்துத் தள்ளும் ஸ்விட்ச்சுக்கு உடம்பில் ஓட்டையே கிடையாது, ஆகவே கடலுக்கு அதுதான் எங்கள் தேர்வு. ஒரு கவனம் வேண்டும்: காந்தம் இரும்புத்தூளை ஈர்க்கும். கோவையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே லேத் பட்டறை இருந்தால் டார்ச்சை அந்த மேஜையில் வைக்காதீர்கள். பிசிறு ஒட்டி, மணலும் சேர்ந்தால் சறுக்கு இறுகிவிடும். டூத் பிரஷால் ஓடும் தண்ணீரில் தேய்த்தால் போகும்.

கடையில் ஐபி68 என்று தூசி, தண்ணீர் தாங்கும் தரக்குறி போட்டுத் தரும் தோட்டத்து டார்ச்சை முங்கலுக்கு எடுத்துப்போக நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த 8-க்குப் பொருள் ஒரு மீட்டருக்கு மேல், கம்பெனி சொல்லும் ஆழம், கம்பெனி சொல்லும் நேரம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் கூடிக்கொண்டே போகும். முப்பது மீட்டரில் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு. மீட்டரில் ஆழம் எழுதாத டார்ச் மழைக்குத்தான். இதன் மறுபக்கமும் உண்டு. முங்கல் டார்ச்சைத் தோட்டத்தில் ராத்திரி மோட்டார் போடப் போகும்போது முழு வெளிச்சத்தில் எரிக்காதீர்கள். அது தண்ணீரால் குளிர வேண்டும் என்று கட்டியது. காற்றில் சில நிமிஷத்தில் கை சுடும். சூடறிந்து தானே குறையும் சர்க்யூட் இல்லாவிட்டால் எல்இடி கருகும்.

கை டார்ச் என்றால் கை அடைபடுமே என்ற பழைய குறைக்கு இப்போது தீர்வு வந்துவிட்டது. டார்ச்சைப் புறங்கையில் பிடித்து வைக்கும் நியோப்ரீன் (பஞ்சு ரப்பர்) கையுறை கிடைக்கிறது, விரல்கள் வெளியே இருக்கும். கேனிஸ்டரின் பெரிய சாதகம் இதோடு பாதி போயிற்று. மணிக்கட்டுக் கயிறு மட்டும் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். எங்காவது சிக்கினால் கையோடு இழுக்கும். போல்ட் ஸ்னாப்பை நைலான் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். உலோகத்தோடு உலோகம் கோத்தால் சிக்கியபோது கத்தியால் அறுக்க முடியாது.

இனி ஓ-ரிங். எந்த லைட்டாக இருந்தாலும் உயிர் இந்த இரண்டு மில்லிமீட்டர் ரப்பர் வளையத்தில்தான். கடலிலிருந்து வந்ததும் மூடியபடியே நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். இங்கே ஒன்று: போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது, குழாயில் வெள்ளைப் பொருக்கு கட்டுவதைப் போலவே டார்ச் மரையிலும் கட்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் அது போதும், இல்லாவிட்டால் சுத்திகரித்த குடிநீர் ஒரு சொம்பு. துடைத்து, தலை கீழே இருக்கும்படி பிடித்துத் திறக்க வேண்டும். அப்போதுதான் மரையில் நிற்கும் சொட்டு செல் பக்கம் ஓடாது. ஓ-ரிங்கை ஊசியால் நெம்பக் கூடாது. இரண்டு விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினால் மறுபக்கம் வளையம் எழும்பும், அதைப் பழைய ஏடிஎம் கார்டின் மூலையால் தூக்கலாம். வெளிச்சத்தில் விரலுக்கு விரல் நகர்த்திப் பாருங்கள். வெட்டு, தட்டையாகிப்போன இடம், ஒட்டிய தலைமுடி. கசிவில் பெரும்பங்கு ஒரு மயிரிழையால் வருவதுதான். பள்ளத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தால் நூல் விடும், கண்ணாடி துடைக்கும் துணிதான் சரி. சிலிகான் கிரீஸ் ஒரு மிளகு அளவு போதும், வளையம் மின்ன வேண்டும், அப்பியிருக்கக் கூடாது. அப்பினால் மணலைப் பிடித்து வைக்கும். கருப்பு நைட்ரைல் வளையத்துக்குத்தான் இந்த கிரீஸ். வளையமே சிலிகானாக இருந்தால் சிலிகான் கிரீஸ் அதை ஊதவைத்துவிடும். கம்பெனி எது சொல்கிறது என்று பாருங்கள்.

ஓ-ரிங் விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரருக்கு வாய்த்த வசதி வேறு ஊருக்கு இல்லை. பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்யும் ஊர் ஆகையால் சீல், ஓ-ரிங் கடை கோவையில் கிடைக்காமல் போகாது. பழைய வளையத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். "உள்விட்டம் எவ்வளவுங்க, தடிமன் எவ்வளவுங்க?" என்றுதான் கேட்பார்கள். வெர்னியரில் வைத்து அவர்களே அளந்து கொடுப்பார்கள். நைட்ரைல், 70 ஷோர் கடினம் என்று சொல்லுங்கள். பத்து வாங்கினாலும் சில்லறைக் காசுதான். கேனிஸ்டர் மூடி வளையம், கிளாண்ட் வளையம், டார்ச் வளையம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு ஜோடி, கிரீஸ் குப்பியோடு ஒரு சின்ன டப்பாவில் பயணத்தில் இருக்கட்டும். தீவில் இந்த வளையம் தேடி அலைந்தால் ஒரு நாள் முங்கல் போயிற்று.

தண்ணீர் புகுந்துவிட்டால்? அணையுங்கள். மேலே வந்து உடனே திருகித் திறக்காதீர்கள். உப்புத்தண்ணீரில் ஷார்ட் ஆன செல் வாயு விடும், உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம். முகத்தை விலக்கி, ஆட்கள் இல்லாத பக்கம் வாயைத் திருப்பி, மெதுவாக ஒரு மரை ஒரு மரையாகத் தளர்த்துங்கள். நனைந்த லித்தியம் செல்லைக் காயவைத்துத் திரும்பச் சார்ஜ் போடவே கூடாது. கேனிஸ்டரில் இது பன்னிரண்டு செல்லின் பெட்டி என்பதை மறக்க வேண்டாம்.

கிணறு பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இந்த லைட்டுகளை நம் பக்கம் அதற்கும் கேட்கிறார்கள். விழுந்த மோட்டாரைத் தேட, பயிற்சி பெற்ற ஸ்கூபா ஆள் இறங்குவதாக இருந்தால், மூன்று விஷயம். ஒன்று, 230 வோல்ட் பல்பை வயரில் கட்டி இறக்குவது எக்காலத்திலும் கூடாது. மேலிருந்து வெளிச்சம் வேண்டும் என்றால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மட்டும். இரண்டு, ஸ்டார்ட்டரை அணைத்தால் போதாது, பியூஸ் கேரியரைக் கழற்றி இறங்குகிறவரின் கூட்டாளி சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று, செம்மண் சேறு கலங்கியதும் எந்த லைட்டும் ஒரு சாணுக்கு மேல் காட்டாது, ஆகவே கையால் தடவித்தான் வேலை. இங்கே மட்டும் இரண்டு கையும் வேண்டியிருப்பதால் புறங்கை லைட் உதவும், ஆனால் கேனிஸ்டரின் கேபிள் மோட்டார் கயிறு, பழைய பைப், கேபிள் எல்லாவற்றோடும் பின்னிக்கொள்ளும். கையுறையில் வைத்த கை டார்ச்தான் கிணற்றுக்குள் சரி.

வாங்குகிறவர் பட்டியல் கேட்டால் இதைத்தான் சொல்வோம்: 21700 செல் ஒன்று போடும், காந்த ஸ்விட்ச் வைத்த, ஒடுங்கிய கற்றைக் கை டார்ச். அசல் செல் இரண்டு. நியோப்ரீன் கையுறை. 18650 ஒன்று போடும் சின்ன டார்ச் பேக்கப்புக்கு. பேக்கப் டார்ச் ஸ்விட்ச் வேறு வகையாக இருந்தால் நல்லது, இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே இரவில் கெடாது. அதை வலது தோள் வாரில் மாட்டி, ரப்பர் பட்டையால் வாரோடு சேர்த்து நிறுத்துங்கள். இருட்டில் கை தானாகப் போக வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள், செல் போடாமல் டார்ச்சை மூடி, உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வைத்து, பக்கெட் தண்ணீரில் ஒரு மணி நேரம் அமுக்கி வையுங்கள். ஆழத்தில் தண்ணீர் அழுத்தம் ஓ-ரிங்கை இறுக்கும். சரியாக உட்காராத வளையம் கசிவது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மீட்டரில்தான், அதனால் பக்கெட்டே பாதியைக் காட்டிக்கொடுத்துவிடும். பேப்பர் காய்ந்திருந்தால் செல்லைப் போட்டு மூடுங்கள். ஊர் போய்ச் சேரும்வரை திறக்க வேண்டாம். பஸ், ரயில் பயணத்தில் தானாக எரியாமல் இருக்கப் பூட்டு உள்ள டார்ச் என்றால் அதைப் போடுங்கள். பூட்டு இல்லாவிட்டாலோ விமானத்தில் போவதானாலோ செல்லைத் தனியாக எடுத்துப்போய், இறங்குகிற அன்று காலை நிழலில், காற்றடிக்காத இடத்தில் உட்கார்ந்து போடுங்கள். படகின் மேல் வேண்டாம்.